வணக்கம் எவர்க்கு உரியது?

தோற்றுவாய்

சென்ற ஆண்டு ஓர் ஊர்த் திருக்கோயில் மண்டபத்திற் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின்மேற் சொற்பொழிவு நிகழ்த்தும் பேறு அடியேற்கு வாய்த்தது. மலங் கழுவப்பெற்ற ஞானியர் அடியாரோடு கூடியிருந்து, அவர்தம் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கண்டு வழிபடுவர் என்னும் அச்சூத்திரப் பொருளை இரண்டு நாழிகை விரித்துரைத்துவிட்டு, அன்பர் சிலருடன் உரையாடிக்கொண்டே கோபுரவாயிலைக் கடந்தேன். அவ்வாயிலின் ஒருபால், வருவோர் செருப்புக்களைக் காத்திருக்கும் முதியவர் ஒருவர் எழுந்து நின்று, இருகையுங் குவித்து, ‘வணக்கம் ஐயா’ என்றார். அச்சொல் என் செவியில் விழுந்தது. ஆயினும், பேச்சின் சுவையில் அழுந்தியிருந்த யான் அவரை நோக்காமலே செருப்பை அணிந்துகொண்டு அப்பாற் போயினேன்.

சிறிது தொலைவு சென்றபின், உடன்வந்த மாணவர் ஒருவர் மெல்ல வினவினார்: “ஐயா, அம்முதியவர் நெற்றியில் திருநீறு இல்லை. அதனாலேதான் தாங்கள் எதிர்வணக்கஞ் செய்யவில்லையா? நீறணியாதார்க்கு வணக்கஞ் சொல்லுதல் சைவர்க்கு ஆகாதா?”

அவர் என்னை இடித்துரைக்கக் கருதி வினவினாரல்லர். விதியை அறியவே வினவினார். ‘அயர்ப்பே காரணம், வேறில்லை’ என்று விடையிறுத்தேன். அஃது உண்மையேயாயினும், அவர் வினாவிற்கு விடையாகவில்லை. வணக்கம் எவர்க்கு உரியது? இறைவனுக்கும் ஆசிரியற்கும் அடியார்க்கும் உரியதாகிய ஒரு சொல்லை வழியிற் கண்டார் அனைவர்க்கும் வழங்குதல் அச்சொல்லை மலிவாக்குவதன்றோ? அன்றி, வழங்காதுவிடுதல் குற்றமாகுமோ? நாடோறும் நம் நாவிற் புழங்கும் இச்சிறு சொல்லின் பிறப்பையும், அதனைப் பொருளாகக் கொண்டெழுந்த பாட்டுக்களின் கருத்தையும் ஒருங்கு நோக்கின் இவ்வினாவிற்கு விடை கிடைக்குமென்று கருதி ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

சொல்லின் பிறப்பு

வணக்கம் என்பது வணங்கு என்னும் வினையடியாற் பிறந்த தொழிற்பெயர். வணங்குதலாவது வளைதல். வில் வளைதலும் தலை தாழ்தலும் பண்டைத் தமிழில் இவ்வொரு சொல்லாலேயே குறிக்கப்பெற்றன. வடமொழியில் நமஸ் என்னுஞ் சொல்லும், வளைதல் என்னும் பொருளதாகிய ‘நம்’ என்னும் அடியிற் பிறந்ததே. ஆகவே இருமொழியாளரும், வேறு வேறு அடிகளிற் பிறந்த இரு சொற்களால், ஒரே செயலைக் குறித்தனரென்க. நிமிர்ந்து நிற்பதொன்று தன் விறைப்பு நீங்கி வளைதல் என்பதே இரண்டற்கும் உள்ளீடான பொருள். இப்பொருளை நெஞ்சிற் பதித்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இச்சொல் தெருவிற்கு வருமுன்னர் ஏட்டின் முகப்பில் இருந்தது. காப்பியத்தின் தொடக்கம் வாழ்த்து, வணக்கம், வருபொருளுரைத்தல் என்னும் மூன்றனுள் ஒன்றாக அமைதல் வேண்டுமென்று தண்டியலங்காரம் கூறும். அங்கு வணக்கமென்பது நூலாசிரியன் தான் வழிபடு கடவுளின்முன் தலைதாழ்த்துச் சொல்லுஞ் செய்யுள். ஒருவரை ஒருவர் காணுங்கால் முகமனாக இச்சொல்லைக் கூறும் வழக்கம் நாடெங்கும் பரவியது அண்மைக்காலத்ததே. 1916-ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் பின்னர், நமஸ்காரம் என்று வழங்கிய இடத்தில் வணக்கம் என்னுஞ் சொல் மெல்ல மெல்ல வந்தமர்ந்தது. மேடையிலும் மடலிலும் தொடங்கி, பின்னர்க் கடைத்தெருவிலும் வயல்வரப்பிலும் அது வேரூன்றிற்று.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மையொன்றைச் சைவர் மறத்தலாகாது. முற்காலத்தே நம் ஊர்களிற் ‘கும்பிடுகிறேன்’ என்பது பெரும்பாலும் கீழிருந்து மேற்செல்லும் ஒருவழிச் சொல்லாகவே இருந்தது. உழுபவன் கும்பிடுவான்; உடையவன் தலையசைப்பான், அல்லது அதுவுஞ் செய்யான். கும்பிடப்பட்டவன் திரும்பக் கும்பிடும் வழக்கம் இல்லை. வணக்கமென்னுஞ் சொல்லோ இருவழிச் செல்வதாக வழக்கில் அமைந்தது. ஒருவர் சொல்லின் மற்றவரும் அதனையே சொல்லுதல் முறையாயிற்று. யான் அன்று அம்முதியவரைக் கடந்து சென்றபோது, அப்பழைய ஒருவழி வழக்கத்திற்கே மீண்டேனென்பதை இப்பொழுது உணர்கின்றேன்.

வேதத்தின் வணக்கம்

வழியிற் கண்டார்க்கெல்லாம் வணக்கங் கூறுதல் நம் பழமைக்கு மாறென்பார் உளர். அவர் கூற்று ஆராயத்தக்கது. நம் பழமையுட் பழமையாகிய யசுர்வேதத்தில், தைத்திரீய சங்கிதையின் நான்காங் காண்டத்து ஐந்தாம் பிரபாடகமாக ஸ்ரீருத்திரம் அமைந்துளது. பதினோர் அனுவாகங்களையுடைய அதன் எட்டாம் அனுவாகத்திலேயே திருவைந்தெழுத்து விளங்குகின்றது. நமஸ் என்னுஞ் சொல் அடுக்கடுக்காய் வருதலின் அதனை நமகம் என்றும் வழங்குவர்.

அந்நமகம் எவரெவர்க்கு வணக்கங் கூறுகின்றது? படைத்தலைவர்க்கும் அவைத்தலைவர்க்கும் மட்டுமன்று. தச்சர்க்கு வணக்கம், தேர் செய்வார்க்கு வணக்கம், குயவர்க்கும் கொல்லர்க்கும் வணக்கம், வேட்டுவர்க்கும் அம்பு செய்வார்க்கும் வணக்கம், நாய்களுக்கும் நாய்களை உடையார்க்கும் வணக்கம். இவையேயுமன்றிக் கள்வர் தலைவனுக்கும் அங்கு வணக்கங் கூறப்பட்டுளது. ஐந்தெழுத்தாகிய மாமணி இவ்வணக்கங்களுக்கு அப்பால், ஒரு தனி மாடத்தில் வைக்கப்படவில்லை. இவற்றோடு ஒரே கோவையிற் கோக்கப்பட்டுள்ளது. கழுத்தளவு நீரில் நின்று இவ்வுருத்திரத்தை அல்லும் பகலும் ஓதினமையாலேயே பசுபதியார் உருத்திரபசுபதி நாயனாராயினர்.

அற்றேல், அங்கு வணங்கப்படுபவன் அவ்வவ் வடிவில் நிற்கும் உருத்திரனேயன்றித் தச்சனும் குயவனும் அல்லர் எனின், அதுவே யாமுங் கூறுவது. வணக்கம் என்றும் இறைவனுக்கே உரியது. அஃது எவர் வாயிலாக அவனைச் சென்றடைகின்றது என்பதே வினா. வேதம் அவ்வாயிலை மிக அகலத் திறந்துவைத்தது.

வணக்கத்தைப் பாடிய பாட்டுக்கள்

இனித் திருமுறைகளை நோக்குவாம். திருநாவுக்கரசு சுவாமிகள் நான்காந் திருமுறையில் அருளிய திருவங்கமாலை, உடலின் ஒவ்வோர் உறுப்பையும் விளித்து அதற்குரிய தொண்டை ஏவுகின்றது. தலையை விளித்து வணங்கச் சொல்லுதலே அதன் தொடக்கம். கண்ணும் செவியும் மூக்கும் வாயும் நெஞ்சும் கையும் அதன்பின் வருகின்றன. அத்திருப்பதிகம் முடியுங்கால், மாலும் அயனும் தேடிக் காணாத பெருமானைத் தம்முள்ளேயே தேடிக் கண்டுகொண்டதாகச் சுவாமிகள் அருளிச் செய்கின்றார். தலை தாழ்தலில் தொடங்கிய வழி உள்ளத்தே இறைவனைக் காண்டலில் முடிந்தது. தொடக்கமாகிய அத்தாழ்வை விடுத்து முடிவாகிய காட்சியை மட்டும் விழைதல், படி ஏறாது மாடம் புக நினைத்தல் போலும்.

மாணிக்கவாசக சுவாமிகளின் சிவபுராணம் வாழ்க என்று தொடங்கி, வெல்க என்று ஓங்கி, போற்றி என்று தாழ்ந்து, அதன்பின்னரே தம் கதையைக் கூறப் புகுகின்றது. போற்றித் திருவகவலோ வணக்கச்சொல்லின் அடுக்காகவே பெருகுகின்றது. இவை இறைவனை நோக்கிய வணக்கங்கள்.

அடியாரை நோக்கிய வணக்கமே முழுதும் பொருளாகப் பிறந்த பாட்டு ஒன்று உண்டு. அது சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருத்தொண்டத்தொகை. அப்பாட்டின் பிறப்பைச் சேக்கிழார் பெருமான் கூறுமாற்றை ஈண்டு நினைத்தல் தகும். திருவாரூர்த் தேவாசிரியன் மண்டபத்தில் அடியார் குழாம் வீற்றிருந்தது. நம்பியாரூரர் அவ்வழியே திருக்கோயிலுட் புகுந்தார். இவ்வடியார்க்கு யான் அடியேனாகும் நாள் எந்நாளோ என்று அவர் உள்ளம் வேட்டது. ஆயினும் அவர் அணுகி நின்று வணங்கினாரல்லர். ஒருவாறு ஒதுங்கிச் சென்றார். அதுகண்ட விறன்மிண்டர் பொறுத்திலர். அடியாரை வணங்காது செல்லும் வன்றொண்டனும் புறம்பு, அவனை ஆண்ட பிரானும் புறம்பு என்று உரைத்துவிட்டார். இறைவன் அதனால் வெகுண்டானல்லன். தானே முதலெடுத்துக் கொடுத்து, அடியார் ஒவ்வொருவர்க்கும் தாம் அடியவரென்று நம்பியாரூரரைப் பாடச் செய்தான். பதினொரு திருப்பாட்டாகிய அத்தொகையே நம்பியாண்டார் நம்பிகளின் திருவந்தாதிக்கும், சேக்கிழாரின் திருத்தொண்டர் புராணத்திற்கும் வேராயிற்று. செய்யாதுவிட்ட ஒரு வணக்கத்தினின்று நமக்குப் பன்னிரண்டாந் திருமுறையே கிடைத்தது.

இவ்வரலாற்றில் நம் வினாவிற்கு வேண்டுவன இரண்டு உள. ஒன்று: நம்பியாரூரர் உள்ளத்தால் வணங்கியே சென்றார். எனினும் அது போதும் என்று விறன்மிண்டர் கொள்ளவில்லை, இறைவனும் கொள்ளவில்லை. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றனுள் ஒன்று மட்டும் வளைய மற்றிரண்டும் நிமிர்ந்து நிற்பின் அவ்வணக்கம் நிரம்பாது. ‘எல்லாரிடத்தும் எனக்கு உள்ளத்தில் மதிப்பு உண்டு; வெளியே காட்டுதல்தான் இல்லை’ என்று என்போல்வார் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் இங்ஙனம் அற்றுப்போகின்றது.

மற்றொன்று: அத்தொகையுட் கூறப்பெற்ற ஒன்பது தொகையடியாருள் இறுதியில் நிற்பவர் அப்பாலும் அடிச்சார்ந்தார் ஆவர். மூவேந்தர் நாட்டிற்கு அப்பாலுள்ளாரும், தொகை பாடிய காலத்திற்கு முன்னும் பின்னும் உள்ளாருமாகிய அடியவர் அனைவரையும் இத்தொகை தழுவுமென்று சேக்கிழார் விளக்கினார். இவர்க்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, காலவெல்லை இல்லை. நம்பியாரூரர் தாம் கண்டறியாத, பெயரறியாத, இனிப் பிறக்கவிருக்கும் மக்களுக்கும் வணக்கங் கூறினார். நாம் தெருவிற் காணும் ஒருவர் அத்தொகையினர் அல்லரென்று துணிதற்கு நம்மிடம் என்ன அளவை உண்டு?

குறளின் எச்சரிக்கையும் மெய்ப்பொருளார் செயலும்

இனி, எதிர்நிற்கும் நியாயத்தையும் ஒளியாது எடுத்துரைத்தல் கடன். வணக்கத்தை ஐயுறுக என்று கூறியவர் வேறெவருமல்லர்; திருவள்ளுவரே. கூடாநட்பு என்னும் அதிகாரத்தில், பகைவரின் சொல்வணக்கத்தை நன்றென்று கொள்ளாதொழிக என்றும், வில்லின் வணக்கம் தீமை செய்தலையே குறித்து நிற்பதென்றும் அவர் உவமை காட்டினார். வணங்கு என்னுஞ் சொல்லின் வளைதற்பொருளை ஆசிரியர் ஆண்டமுறை வியக்கத்தக்கது. அதனையடுத்த குறளிலேயே, பகைவர் தொழுத கையினுள்ளும் படைக்கலம் மறைந்திருக்கும் என்றார்.

அக்குறளின் பொருள் அப்படியே ஒரு வரலாறாக நிகழ்ந்தது திருக்கோவலூரில். சேதிநாட்டு வேந்தராகிய மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், மேனியெங்கும் நீறு பூசி, சுவடிக்கட்டினுட் குறுவாளை மறைத்து, ஆகமப் பொருள் உரைப்பான் போல் அவர் பள்ளியறை வரை புகுந்தான். நாயனார் அவனை மேலிருத்தித் தாம் நிலத்தமர்ந்து வணங்கினார். அவர் வணங்கும்பொழுதே அவன் தான் நினைத்ததைச் செய்தான். பாய்ந்து வந்த தத்தன் என்னும் காவலனைத் தடுத்து, அவன் நம்மவன் என்று உணர்த்தி, ஊறின்றி எல்லை கடத்திவிடும்படி நாயனார் பணித்தார். அவர் வணங்கி வென்றாரென்றே சேக்கிழார் பாடுகின்றார்.

அற்றேல், வள்ளுவர் வாய்மொழிக்கும் நாயனார் செயலுக்கும் முரணுண்டோ எனின், இல்லை. வள்ளுவர் கூறியது வணக்கத்தை ஏற்பான் ஒருவற்கு; அதுவும் பொருட்பாலுள் நாடு காக்கும் நெறி கூறும் இடத்து. பிறன் வணங்கினானென்பது கொண்டு அவன் நெஞ்சைத் தேறாதே என்பதே அவர் கருத்து. வணங்காதே என்று அவர் கூறிற்றிலர். ஏற்பவனுக்கு விழிப்பு வேண்டும். செய்பவனுக்கு வாய்மை வேண்டும். முத்தநாதனின் நெஞ்சிற்கு முத்தநாதனே பொறுப்பாளி. நாயனார் செய்த வணக்கமோ அவன் குணத்திற்கு விலையாகக் கொடுத்ததன்று. அது திருவேடத்தின் வாயிலாக இறைவனைச் சென்றடைந்தது. இடையில் நின்றவனின் வஞ்சம் அதனைத் தடுக்க முடிந்திலது. வணக்கமென்பது எதிர்நிற்பாரை நிறுத்துப் பார்த்துக் கூறும் மதிப்பீடன்று என்பது இதனாற் போதரும்.

சித்தாந்தத் துணிபு

இத்துணையுங் கூறியவை திருவேடம் பூண்டாரைப் பற்றியன. வேடமில்லாதார்க்கு வணக்கம் உண்டோ என்பதே மாணவர் வினா. இங்குச் சித்தாந்தம் கூறும் உவமையொன்று வழிகாட்டுகின்றது. இறைவன் அடியாரிடத்துத் தயிரில் நெய்போல் விளங்கி நிற்பான்; ஏனையோரிடத்துப் பாலில் நெய்போல் விளங்காது நிற்பான். இவ்வுவமையின் முற்பகுதியை நாம் பலகாலும் மேடையில் எடுத்தோதுகின்றோம். பிற்பகுதியை எளிதில் மறந்துவிடுகின்றோம். பாலில் நெய் புலப்படாது; ஆயினும் பாலில் நெய் இல்லையென்று கூறுவார் எவருமிலர். நெய் இல்லாத பால் தயிரானால் மட்டும் நெய் எங்ஙனம் வரும்?

ஐம்பூதம், ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டும் இறைவனின் அட்டமூர்த்தம் என்பது நம் நூற்றுணிபு. அவற்றுள் உயிரென்பதில் நீறணிந்த உயிர் என்றும் அணியாத உயிர் என்றும் பகுப்பு இல்லை. ஞாயிற்றைக் கண்டு கைகுவிப்பார், உயிரைக் கண்டு கைகுவியாமைக்குக் காரணம் யாது?

இங்ஙனங் கூறின் உயிரே சிவமென்னும் ஏகான்மவாதம் வந்து புகுமே என்று அறிஞர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டா. இறைவன் உயிர்களோடு கலப்பினால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்குயிராய் நின்று செலுத்துதலால் உடனாயும் நிற்பன் என்பது இரண்டாஞ் சூத்திரத்தின் பயன். நான் கைகுவித்தல் ‘நீ சிவம்’ என்பதனாலன்று. ‘உன்னைவிட்டு நீங்காது சிவம் நிற்கின்றது’ என்பதனால். கோயிற் கல்லைச் சிவமென்று மயங்கி நாம் வணங்கவில்லை. அதனிடத்தே நிற்கும் சிவத்தை வணங்குகின்றோம். திருமூலர் அடியாரை நடமாடும் கோயிலென்று கூறி, அவர்க்கு ஈந்தது படமாடும் கோயிலிலுள்ள பெருமானைச் சென்று சேரும் என்றும், கோயிலுக்கு ஈந்ததோ அவரைச் சென்று சேராதென்றும் உரைத்ததன் நுட்பமும் இதுவே.

எனினும் வணக்கத்திற் படிநிலை உண்டு. அதனைக் குழப்புதல் தகாது. ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சைவவினாவிடையுள் எட்டுறுப்பு நிலந்தோய வணங்கும் அட்டாங்கம், ஐந்துறுப்புத் தோய வணங்கும் பஞ்சாங்கம், சிரமேல் இருகையுங் குவிக்கும் திரியங்கம் என்று வணக்கத்தின் வகைகளை விளக்கினார். நிலத்தில் வீழ்ந்து வணங்குதல் இறைவற்கும் ஆசிரியற்கும் அடியார்க்கும் உரியது. தயிரில் நெய் விளங்குமிடம் அது. கைகுவித்து ஒரு சொற் கூறுதல் எல்லார்க்கும் உரியது. பாலில் நெய் உண்டென்னுந் துணிபு அது. பெரியதை யாவர்க்குஞ் செய்க என்று யாம் கூறவில்லை. சிறியதை எவர்க்கும் மறுக்கற்க என்றே கூறுகின்றோம்.

சேரமான் பெருமாளின் வணக்கம்

மாணவர் வினாவிற்கு நேர்விடையாக அமைந்தது கழறிற்றறிவார் நாயனார் வரலாறு. சேரமான் பெருமாள் அரசுரிமை ஏற்றுத் திருவஞ்சைக்களத்தை வழிபட்டு, யானைமீது நகர்வலம் வருகின்றார். எதிரே உவர்மண் பொதியைச் சுமந்து வண்ணான் ஒருவன் வருகின்றான். மழையிற் கரைந்த உவர் அவன் மேனியெங்கும் வழிந்து வெளுத்திருந்தது. அது திருநீற்றுக் கோலத்தை நினைப்பிக்க, நாயனார் யானையினின்று விரைந்திறங்கி அவனை வணங்கினார். அவன் நடுநடுங்கித் தன்னை இன்னானென்று தொழிற்பெயர் கூறித் தாழ்ந்து நின்றான். நாயனாரோ, அவன் தன்னைத் தாழ்த்திக் கூறிய அம்முறையிலேயே தம்மையும் தாழ்த்தித் தம் குலப்பெயரைக் கூறி, திருநீற்றின் திருவேடத்தை நினைப்பித்தீர், வருந்தாது செல்லும் என்று விடுத்தார்.

ஈண்டு உற்றுநோக்கத் தக்கது ஒன்று உண்டு. அவன் மேனியில் இருந்தது நீறன்று, உவர்மண். அதனை நாயனார் அறிந்துகொண்டார். அறிந்தபின் ‘பிழைபட்டேன்’ என்று தம் வணக்கத்தை மீட்டுக்கொண்டாரா? இல்லை. நாணி யானைமேல் ஏறிக்கொண்டாரா? இல்லை. அவன் தன்னை வெளிப்படுத்திய பின்னரும், அவற்கு இணையாகத் தம்மைத் தாழ்த்தி நின்றார். அடையாளம் பொய்த்தது, வணக்கம் பொய்க்கவில்லை. நீறு இருந்ததா இல்லையா என்று நெற்றியைத் தேடிய கண்ணுக்கு இவ்வரலாறு கூறும் விடை இதுவே. இறைவனை நினைப்பிக்கும் எதுவும் வணக்கத்திற்கு வாயிலாகும். உள்ளத்தில் அன்புடையார்க்கு உவர்மண்ணே போதியதாயிற்று. அஃது இல்லாதார்க்குச் சூத்திரத்தை இரண்டு நாழிகை விரித்துரைத்தும் வாயில் திறக்கவில்லை.

பாதி வணக்கமும் முழு வணக்கமும்

இனி, முன்னர் நெஞ்சிற் பதிக்கச் சொன்ன சொற்பொருளுக்கு மீள்வாம். வணங்குதல் வளைதல். உயிரிடத்தில் வளையாது நிமிர்ந்து நிற்பது யாது? யான் எனது என்னுஞ் செருக்காய் வெளிப்படும் ஆணவமே. மலத்தின் வலியை அடக்குவது திருவருளேயன்றிக் கைகுவிப்பன்று, இதில் ஐயமில்லை. ஆயினும் சரியை முதலிய நோன்புகள் எல்லாம் அத்திருவருளுக்கு உயிரைப் பதப்படுத்துவன. எண்பத்தோராண்டு வாழ்ந்ததாகப் போற்றப்பெறும், உழவாரம் ஏந்திய நாவரசர் நெறி இதுவன்றோ? கல்வியும் பட்டமும் மேடையும் உடையார்க்கு வளைதற்குரிய இடங்கள் நாளடைவிற் குறைந்துவிடுகின்றன. அவர் வழியில் எதிர்ப்படும் எளியவர் ஒருவரின் வணக்கம், அவர்க்கு இறைவன் தரும் ஓர் இடம். யான் அன்று இழந்தது அவ்விடத்தையே.

தாயுமானவர் நுண்ணியதோர் இடர்ப்பாட்டைப் பாடியுள்ளார். இறைவன் தம் உள்ளத்தே நிற்கின்றான். ஆகலின் புறத்தே ஒரு வடிவை நோக்கித் தாம் கைகுவித்தால் அது பாதி வணக்கமாகவே முடியுமென்று அவர் நாணுகின்றார். அது பூசையைக் குறித்த பாட்டு. அடியேனுக்கோ அப்பாட்டு ஒருவரை ஒருவர் வணங்கும் வழக்கத்தின் உட்பொருளையே காட்டுவதாகத் தோன்றுகின்றது. ஒருவர் என்னை நோக்கிக் கைகுவிக்கின்றார். அவ்வணக்கம் என்னுள் நிற்கும் இறைவனைச் சென்றடைகின்றது. அவருள் நிற்கும் இறைவனுக்கோ அவரால் தம்மை நோக்கி வணக்கஞ் செய்துகொள்ளுதல் கூடவில்லை. அப்பாதியை நிரப்பவேண்டியவன் எதிர்நிற்கும் யான். எதிர்வணக்கம் என்பது வெறும் முகமன் அன்று. பிறர் தொடங்கிவைத்த வழிபாட்டை நிறைவாக்குதல் அது. திருப்பிச் செய்யாதொழியின், ஒருவர் செய்த பூசையை நடுவே நிறுத்திவிட்டுச் சென்றவனாவேன்.

யார் முந்துவது என்னும் வினாவிற்கும் நம் பெரியோர் வாழ்விலேயே விடை உண்டு. முதியவராகிய திருநாவுக்கரசர் காழிக்கு வந்து பிள்ளையாரின் திருவடியில் வணங்கினார். இளையவராகிய திருஞானசம்பந்தர் அவர் கைகளைப் பற்றி எடுத்துத் தாமும் வணங்கி, தந்தையே என்னும் பொருள்பட விளித்தார். அரசரோ தம்மை அடியவர் என்றார். உலகம் இன்று வழங்கும் அப்பர் என்னுந் திருப்பெயர் அவ்வெதிர்வணக்கத்திற் பிறந்ததே. மூப்பும் இளமையும் அங்கு அளவைகளாகவில்லை. இருவரும் முந்தினர்; ஆகலின் இருவரும் பிந்தினாரல்லர்.

முடிவுரை

ஆகவே மாணவர்க்கு அன்று கூறியிருக்கவேண்டிய விடை இது: வணக்கம் இறைவன் ஒருவற்கே உரியது. அவன் இல்லாத உயிர் இல்லாமையின், அவ்வணக்கம் எவர்க்கும் மறுக்கப்படுவதன்று. திருவேடத்தைக் கண்டவழி நிலத்தில் வீழ்ந்து வணங்குக. காணாதவழிக் கைகுவித்து ஒரு சொற் கூறுக. பலர்க்கு வழங்குதலால் அச்சொல் மலிவாவதில்லை. மனமின்றி வழங்குதலாலேயே மலிவாகின்றது. உள்ளத்தில் மட்டும் வணங்குதல் போதாதென்பதைத் திருவாரூர் மண்டபம் நமக்கு உணர்த்திற்று. அடையாளம் தேடுதல் வேண்டாவென்பதை அஞ்சைக்களத்து வீதி உணர்த்திற்று.

சில திங்கள் கழித்து அவ்வூர்க்கு மீண்டுஞ் செல்ல நேர்ந்தது. கோபுரவாயிலை அணுகியபோது அம்முதியவர் குனிந்து செருப்புக்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் நிமிருந்துணையும் நின்று, யானே முன்னர்க் கைகுவித்து, ‘வணக்கம் ஐயா’ என்றேன். அவர் என்னை நினைவிற் கொண்டிருந்தாரில்லை. கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்து, மேலாடையிற் கைகளைத் துடைத்துக்கொண்டு, பின்னரே அவர் தம் இருகையையும் குவித்தார். கை தூயதாகாமல் வணங்குதல் கூடாதென்று அவர் எங்குக் கற்றாரோ, யானறியேன். சூத்திரத்தின் பொருளை அன்றுதான் யான் கேட்டேன்.

திருச்சிற்றம்பலம்.